அடக்கம் பெறாத மூன்று உடல்கள்

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் அண்மையில் நம்மைக் காண வந்திருந்தார். அவருடைய மகள் இப்போது கல்லூரியில் பயில்கிறாள். நலம் விசாரித்து முடிந்ததும், "ஹஜ்ரத், பிள்ளை நிறையப் படிக்கிறாள், அதில் எனக்குச் சந்தோஷந்தான். ஆனால் படிப்பதெல்லாம் செத்தவன் எழுந்து நடக்கிற கதையும், கொலை செய்தவனைத் தேடுகிற கதையுமாக இருக்கிறது. நம் வீட்டில் இது தகுமா?" என்று கேட்டார். அன்று சுருக்கமாக ஏதோ சொல்லி அனுப்பினோம். அது முழுமையான விடையன்று என்பது பிறகு நம் உள்ளத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. அவருக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே வாசக அன்பர்கள் அனைவருக்குமாகச் சொல்ல முற்படுகிறோம்.

உண்மையை மறைப்பானேன்? அண்மைக் காலம் வரை நாமும் அந்த அன்பரின் கட்சியைச் சேர்ந்தவர்களாகவே இருந்தோம். மர்ம நாவல் என்றால் ரயிலேறும்போது வாங்கி, இறங்கும்போது இருக்கையிலேயே விட்டுச் செல்லும் மலிவுப் பதிப்பு என்பதே நமது எண்ணம். 'மாய யதார்த்தம்' என்று இக்காலத் திறனாய்வாளர் கூறும் வகையையோ, மேலைநாட்டார் புதிதாகக் கண்டுபிடித்த ஏதோ ஒரு வேடிக்கை என்று ஒதுக்கி வைத்திருந்தோம். மூன்று நாவல்கள் அந்த எண்ணத்தை மாற்றின. மூன்றும் இவ்விரு வகைகளையும் ஒருங்கே தம்முள் கொண்டவை. மூன்றிலும் ஓர் உடல் அடக்கம் பெறாமல் கிடக்கிறது.

முதலில் இவ்விரு வகைகளும் நமக்கு அந்நியமானவை தாமா என்பதைப் பார்ப்போம். நடக்கவியலாத ஒன்றை, அன்றாடம் நடப்பதைப் போன்றே வியப்பின்றிச் சொல்லிச் செல்வது மாய யதார்த்தம். மறைந்த குற்றம் ஒன்றைத் தடயங்களின் வழியே வெளிக்கொணர்வது மர்மக் கதை. முன்னதற்கு இலத்தீன் அமெரிக்க எழுத்தாளர்களையும், பின்னதற்கு ஆங்கிலேயரையும் ஆசான்களாகக் கொள்வது வழக்கம். 1967இல் ஸ்பானிய மொழியில் வெளிவந்த கார்சியா மார்க்கேஸின் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' தமிழிலும் வந்துவிட்டது. எனினும், ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டிலேயே சக்கரிய்யா அல் கஸ்வீனீ படைப்புகளின் அற்புதங்களைப் பற்றி ஒரு பெருநூல் எழுதினார். ஒரு பொருளின் காரணத்தை அறிய மாட்டாதபோது மனிதனுக்கு உண்டாகும் திகைப்பே வியப்பு என்று அதில் அவர் இலக்கணமும் வகுத்தார். ஆயிரத்தொரு இரவுகளில் வரும் மூன்று ஆப்பிள்களின் கதையில், தைகிரீஸ் ஆற்றில் கிடைத்த ஒரு பெட்டிக்குள் துண்டாக்கப்பட்ட பெண்ணுடல் இருக்கிறது. கொன்றவனை மூன்று நாட்களுக்குள் கண்டுபிடிக்க வேண்டும் என்று கலீஃபா ஹாரூன், வஸீர் ஜஃபருக்குக் கட்டளையிடுகிறார்.

நம் தமிழிலும் இம்மரபு உண்டு. கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் 'மதீனத்துந் நுஹாஸ்' எனும் தாமிரப் பட்டணக் கதையை 1858இல் அரபுத் தமிழில் தந்தார்கள். இலங்கையின் சித்தி லெப்பை அவர்கள் 1885இல் வெளியிட்ட 'அசன்பே சரித்திரம்' தமிழின் தொடக்ககால நாவல்களுள் ஒன்று. மார்க்கக் கல்வியிலும் ஊர்ச் சீர்திருத்தத்திலும் வாழ்நாளைச் செலவிட்ட அப்பெரியோர்கள் கதை சொல்வதை இழிவாகக் கருதவில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலாகத் திருமறையின் இரு இடங்களை நினைவூட்ட விரும்புகிறோம். அவை அல்லாஹ் அறிவித்த மெய் வரலாறுகள். நாவல்களோ மனிதர் புனைந்தவை. இரண்டையும் ஒரு தட்டில் வைப்பது நம் நோக்கமன்று. அளவுகோலை மட்டுமே அங்கிருந்து எடுத்துக்கொள்கிறோம். சூரத்துல் பகராவுக்கு அப்பெயர் வரக் காரணமான நிகழ்ச்சியில், பனூ இஸ்ராயீலரிடையே ஒருவன் கொலையுண்டு கிடக்கிறான். ஒருவர் மேல் ஒருவர் பழி சுமத்துகிறார்கள். அறுக்கப்பட்ட பசுவின் ஒரு பகுதியால் அடிக்கப்பட்டதும் இறந்தவன் உயிர் பெற்றான் என்றும், தன்னைக் கொன்றவனைக் காட்டிக் கொடுத்தான் என்றும் முஃபஸ்ஸிர்கள் விளக்குகிறார்கள். சூரத்து யூஸுஃபிலோ, சட்டை முன்புறம் கிழிந்ததா, பின்புறம் கிழிந்ததா என்ற ஆராய்ச்சியால் குற்றமற்றவர் இன்னார் என்பது துலங்குகிறது. முன்னதில் அற்புதம், பின்னதில் தடயம். இரண்டும் மறைக்கப்பட்ட உண்மையை வெளியே கொண்டு வருகின்றன. ஆகவே, ஒரு கதையின் அற்புதம் உண்மையை மூடுகிறதா, திறக்கிறதா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. இறந்தவன் எழுந்து நடக்கலாமா என்பதன்று.

முதல் நாவல் இராக்கைச் சேர்ந்த அஹ்மத் ஸஃதாவீ எழுதிய 'ஃபிராங்கன்ஸ்டைன் ஃபீ பக்தாத்'. 2013இல் வெளிவந்து, 2014இல் அரபு நாவலுக்கான சர்வதேசப் பரிசைப் பெற்றது. 2018இல் ஜோனதன் ரைட்டின் ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்தது. நாம் அரபு மூலத்தையே படித்தோம். மதரஸாவில் கற்ற இலக்கணமெல்லாம் பக்தாதின் தெருப்பேச்சு வரும் இடங்களில் கைகொடுக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

காலம் 2005. அமெரிக்கப் படையெடுப்புக்குப் பின் குண்டுகள் நாள்தோறும் வெடிக்கும் பக்தாதின் பத்தாவீன் பகுதியில், ஹாதீ என்னும் பழைய சாமான் வியாபாரி இருக்கிறான். அவனுடைய நண்பன் ஒரு வெடிப்பில் இறந்து போகிறான். உடலைப் பெறப் பிணவறைக்குச் சென்றால், அங்கே உறுப்புகளெல்லாம் கலந்து கிடக்கின்றன. கிடைப்பதைச் சேர்த்து ஓர் உடலாக்கிக்கொண்டு போகும்படி சொல்லி விடுகிறார்கள். அந்த அதிர்ச்சியிலிருந்து ஹாதீ மீளவில்லை. வெடிப்பு நடந்த தெருக்களில் சிதறிக் கிடக்கும் உறுப்புகளைப் பொறுக்கி வந்து, தன் வீட்டில் வைத்து ஒரு முழு உடலாகத் தைக்கிறான். எதற்காக? அவை குப்பையாகக் கருதப்படாமல், மற்ற மையித்துகளைப் போல மரியாதையுடன் அடக்கம் பெற வேண்டும் என்பதற்காக.

இவ்விடத்தைப் படித்தபோது நாம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டோம். ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நாம் நடத்தும் ஜனாஸாப் பாடம் நினைவுக்கு வந்தது. மையித்தின் ஓர் உறுப்பு மட்டுமே கிடைத்தாலும், அதற்குரியவர் இறந்தது உறுதியானால், அதனைக் குளிப்பாட்டித் துணி சுற்றித் தொழுவித்து அடக்கம் செய்ய வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹப். உடலின் பெரும்பகுதியோ, தலையுடன் பாதியோ கிடைத்தால்தான் தொழுகை என்பது ஹனஃபீ மத்ஹப். இந்தக் கருத்து வேறுபாட்டைத் தேர்வுக்குரிய ஒரு மஸ்அலாவாகவே இத்தனை ஆண்டுகளும் சொல்லிக் கொடுத்து வந்தோம். கையும் காலும் கலந்து கிடக்கும் ஒரு நகரத்தில் அது மனிதரின் கண்ணீர்ப் பிரச்சினை என்பதை, மத்ஹப் எதையும் அறியாத ஒரு பழைய சாமான் வியாபாரி நமக்கு உணர்த்தினான்.

ஹாதீ தைத்த உடல் அடக்கம் செய்யப்படுவதற்கு முன்பே எழுந்து போய்விடுகிறது. குண்டுவெடிப்பில் உடல் முழுவதும் சிதறிப் போன ஒரு காவலாளியின் ரூஹ், தங்க இடமின்றி அலைந்து அதில் புகுந்துகொள்கிறது. ஈரான் போருக்குச் சென்று திரும்பாத மகனுக்காக இருபதாண்டுகளாகக் காத்திருக்கும் எலீஷ்வா என்னும் கிறிஸ்தவ மூதாட்டி, அவனைத் தன் மகன் தானியால் என்றே எண்ணி வீட்டுக்குள் அழைத்துக்கொள்கிறாள். ஊரார் அவனை 'ஷிஸ்மா' என்கிறார்கள். 'பேர் என்னவோ' என்பது அதன் பொருள். தன் உடலில் யார் யாருடைய உறுப்புகள் உள்ளனவோ அவர்களைக் கொன்றவர்களைத் தேடிப் பழிவாங்குவதே ஷிஸ்மாவின் வேலை. ஒருவருக்காகப் பழி தீர்ந்ததும் அவருடைய உறுப்பு அழுகி விழுந்து விடுகிறது. தான் நிலைத்திருக்க மாற்று உறுப்பு வேண்டும். நல்லவர் உடல் தீயவர் உடல் என்ற வேறுபாடு மறைகிறது. முடிவில், தன் கண்களுக்காக ஒன்றும் அறியாத முதியவர் ஒருவரையே கொல்கிறான்.

கிஸாஸ் பற்றிய வசனங்களை ஓதியவர்கள் இந்த உவமையின் கூர்மையை உடனே உணர்வார்கள். அநியாயமாகக் கொல்லப்பட்டவனின் வாரிசுக்கு உரிமை வழங்கும் அதே வசனத்தில், கொல்வதில் வரம்பு மீறலாகாது என்ற தடையும் சூரா பனீ இஸ்ராயீலில் சேர்ந்தே வருகிறது. நீதியாகத் தொடங்கிய பழிவாங்கல், வரம்பை மீறியதும் தன்னை நிலைநிறுத்திக்கொள்வதற்காகவே புதுப் பிணங்களைத் தேடும் என்பதைப் பல பயான்களில் சொல்லியிருக்கிறோம். ஸஃதாவீ அதனை ஓர் உருவமாக்கி, நம் கண்முன் நடமாட விட்டிருக்கிறார். ஷிஸ்மாவைப் பிடிக்க அரசாங்கம் சோதிடர்களை வைத்து நடத்தும் ஓர் இலாகா, அவன் கதையைத் துப்புத் துலக்கும் ஓர் இளம் பத்திரிகையாளன் என மர்ம நாவலுக்குரிய விறுவிறுப்பும் குறைவின்றி உண்டு. பாத்திரங்கள் மிகுதியால் நடுப்பகுதி சற்றுத் தளர்கிறது. பத்திரிகையாளனின் காதல் கதையைப் பாதியாகக் குறைத்திருக்கலாம்.

இரண்டாவது நாவல் தமிழிலேயே கிடைக்கிறது. துருக்கியின் ஒரான் பாமுக் 1998இல் எழுதியதை ஜி. குப்புசாமி 'என் பெயர் சிவப்பு' என்று மொழிபெயர்த்திருக்கிறார். பாமுக் 2006இல் நோபல் பரிசு பெற்றவர். கதை நடப்பது 1591இல், சுல்தான் மூன்றாம் முராதின் இஸ்தான்புல்லில். முதல் அத்தியாயத்தில் பேசுவது ஒரு பிணம். சுல்தானின் சித்திரக்காரர்களுள் ஒருவர் கொல்லப்பட்டுக் கிணற்றடியில் கிடக்கிறார். தன்னைத் தேடி எடுத்து முறைப்படி அடக்கம் செய்யவில்லையே, கொன்றவன் பிடிபடவில்லையே என்று வாசகரிடமே முறையிடுகிறார்.

கொலைக்குக் காரணம் பொன்னோ பொருளோ அன்று. சுல்தானின் ஆணைப்படி இரகசியமாக ஒரு நூல் உருவாகிறது. அதிலுள்ள சித்திரங்கள் ஐரோப்பியர் பாணியில், கண்ணுக்குத் தெரிவதைத் தெரிந்தவாறே காட்டுவன. இது மார்க்கத்துக்கு ஒவ்வாதது என்று ஒருவர் அஞ்சுகிறார். அந்த அச்சம் வெளியே போகலாகாது என்று மற்றொருவர் கொலை செய்கிறார். உருவம் வரைவது பற்றிய ஹதீஸ்களைப் பாடம் நடத்தும் நமக்கு இவ்விவாதம் புதிதன்று. ஆனால் அதனைக் கிண்டல் செய்யாமல், பழைய ஆசான்களின் பக்கத்தில் நின்றும் யோசித்திருக்கிறார் ஆசிரியர். தனக்கென ஒரு தனிப் பாணி வேண்டும் என்று கலைஞன் விரும்புவது குறையா, பெருமையா என்ற கேள்வி நாவல் முழுவதும் ஓடுகிறது. குற்றவாளியைக் காட்டிக் கொடுப்பதும் அதுவே. குதிரையின் நாசியை வரையும் விதத்தில், அறியாமலே ஒருவன் விட்டுவைத்த கைப்பழக்கத்தைக் கொண்டு துப்புத் துலக்குகிறார்கள். நபி யூஸுஃப் (அலை) அவர்களின் சட்டையை ஆராய்ந்த முறைக்கு இது எவ்வளவு நெருங்கியது என்பதை வாசகர் சிந்திக்கலாம்.

இந்நாவலில் நமக்கு ஒரு மனக்குறை உண்டு. நாய்க்கும் மரத்துக்கும் பொற்காசுக்கும் மரணத்துக்கும், ஏன், ஷைத்தானுக்குங்கூடத் தன் கட்சியைப் பேச ஓர் அத்தியாயம் ஒதுக்கிய ஆசிரியர், காப்பிக் கடைகளையும் சித்திரங்களையும் எதிர்க்கும் ஹோஜாவுக்கு மட்டும் ஒன்று ஒதுக்கவில்லை. அவர் பிறர் வாயில் வதந்தியாக மட்டுமே வருகிறார். அவருடைய ஆட்களின் வன்செயலை நாமும் வெறுக்கிறோம். ஆயினும் ஷைத்தானுக்குக் கிடைத்த செவி ஓர் ஆலிமுக்குக் கிடைக்காதது நீதியன்று. ஆலிம்களை உள்ளிருந்து காட்டும் நாவல்கள் இத்துணை அருகியிருப்பதற்கு, எழுதத் தெரிந்த ஆலிம்கள் எழுதாமல் இருப்பதும் ஒரு காரணம் என்பதை நம்மையும் சேர்த்தே சொல்லிக்கொள்கிறோம்.

மூன்றாவது நாவலின் களம் நமக்கு மிக அருகில் உள்ளது. இலங்கையின் ஷெஹான் கருணாதிலக ஆங்கிலத்தில் எழுதி, 2022இல் புக்கர் பரிசு பெற்ற 'மாலி அல்மேதாவின் ஏழு நிலவுகள்' அது. தமிழில் பெயரைச் சொன்னோமே தவிர, நாம் படித்தது ஆங்கிலத்தில்தான். 1990இல் கொழும்பு. போர்க்களப் புகைப்படக்காரனான மாலி, தான் இறந்துபோனதை உணர்ந்து கண்விழிக்கிறான். அவன் உடல் துண்டாக்கப்பட்டுப் பேய்ரா ஏரியில் எறியப்படுகிறது. மறு உலகமோ வரிசையும் நெரிசலுமாக ஓர் அரசாங்க அலுவலகம் போலிருக்கிறது. அவனுக்கு ஏழு இரவுகள் தவணை. அதற்குள் தன்னைக் கொன்றவன் யார் என்று அறிய வேண்டும். கட்டிலடியில் ஒளித்து வைத்த புகைப்படப் பெட்டியை நண்பர்கள் கையில் சேர்க்க வேண்டும். 1983 ஜூலைக் கலவரத்தின் சாட்சியங்கள் அப்பெட்டியில் உள்ளன.

இறந்தவர்களிடையேயும் இரு கட்சிகள் இருக்கின்றன. கொல்லப்பட்ட ஓர் இளைஞன் பழிவாங்கப் படை திரட்டுகிறான். கொல்லப்பட்ட ஒரு தமிழ்ப் பேராசிரியை பெயர்களைப் பதிவு செய்து, ஒவ்வொருவரையும் அமைதிக்கு வழிகாட்டுகிறாள். ஷிஸ்மா எழுப்பிய அதே கேள்வி இங்கே வேறு உருவில் நிற்கிறது. பர்ஸக் பற்றிய நமது அகீதாவுக்கும் இந்நாவல் காட்டும் மறுமைக்கும் தொடர்பில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆசிரியர் கேலி செய்வது மறுமையை அன்று. காணாமற் போனவனைப் பற்றிக் கேட்கச் சென்ற தாயை மேசைக்கு மேசை அலையவிடும் இம்மை அலுவலகங்களையே கேலி செய்கிறார்.

இக்கதை நடக்கும் அதே 1990இல்தான், ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவ்வாண்டு அக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் 70,000க்கும் மேற்பட்டோர் வீடு வாசல்களை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். மாலியின் பெட்டியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், நம் மக்களின் பெட்டி எங்கே இருக்கிறது, அதைத் திறந்து ஒரு நாவலாக எழுதும் கை எது என்ற ஏக்கம் நம்மை விடவில்லை. சாட்சியத்தை மறைப்பவனின் உள்ளம் பாவத்துக்குள்ளானது என்பதைச் சூரத்துல் பகராவின் இறுதிப் பகுதியில் கடன் பற்றிய சட்டத்தோடு படிக்கிறோம். பொருட்கடனுக்கே அப்படியானால், உயிர்க்கடனுக்கு எப்படியிருக்கும்!

இம்மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. சாதாரண மர்மக் கதையில் பிணம் ஒரு சாக்கு மட்டுமே. கொன்றவன் யார் என்ற கேள்வி பிறந்ததும் பிணத்தை மறந்துவிடலாம். விடை கிடைத்ததும் வாசகர் நிம்மதியாக உறங்கப் போகலாம். குற்றம் ஒருவனுடையது, அவனும் பிடிபட்டுவிட்டான். இந்நாவல்களில் பிணம் மறக்க விடுவதில்லை. அதனைப் பேச வைப்பதற்காகவே ஆசிரியர்கள் மாய யதார்த்தத்தை நாடினார்கள். அது நம்மைப் பார்த்துக் கேட்பது, 'என்னைக் கொன்றவன் யார்?' என்று மட்டுமன்று. 'என்னை அடக்கம் செய்யாமல் விட்டவர்கள் யார் யார்?' என்றும் கேட்கிறது. குளிப்பாட்டல், கஃபனிடல், தொழுவித்தல், அடக்கல் என்னும் நான்கும் ஃபர்ளு கிஃபாயா என்பது மக்தபில் ஓதும் பிள்ளைக்கும் தெரியும். ஒருவர் செய்தால் எல்லார் கடமையும் தீரும். ஒருவரும் செய்யாவிடில் ஊரார் அனைவரும் பாவிகள். கொலை ஒருவனின் குற்றமாக இருக்கலாம். அடக்கமின்மை ஊரின் குற்றம். மர்மக் கதையை இந்த இடத்துக்கு உயர்த்தியதே இவர்களின் சாதனை என்பது நம் கருத்து.

இனி, அந்த அன்பருக்குரிய விடை. மூன்று நாவல்களும் முதிர்ந்த வாசகருக்குரியன. சிறுவர் கையில் தருவதற்கல்ல. ஸஃதாவீயின் நாவலில் மதுவும் கொச்சைப் பேச்சும் வருகின்றன. பாமுக்கின் நாவலில் காமம் பற்றிய வெளிப்படையான பகுதிகள் உண்டு. கருணாதிலகவின் நாவலில் வசைச் சொற்களும், நாயகனின் ஒழுக்கத்தில் நாம் ஏற்கவியலாதவையும் மற்ற இரண்டையும்விட மிகுதி. இவற்றை மறைத்துப் பரிந்துரைப்பது நேர்மையன்று. அதனால் முதலில் ஸஃதாவீ, அடுத்துப் பாமுக், வாசிப்பில் நன்கு பழகிய பின் கருணாதிலக என்ற வரிசையைக் கூறுவோம். பிள்ளைக்குக் கொடுப்பதற்கு முன் தகப்பனார் தாமும் படிக்க வேண்டும். படித்தபின் இருவரும் உட்கார்ந்து, ஹாதீ செய்தது சரியா, ஷிஸ்மா எந்த இடத்தில் வரம்பு மீறினான் என்று பேச வேண்டும். ஒரு பயானில் கிடைக்காத பயன் அந்தப் பேச்சில் கிடைக்கக்கூடும்.

பூமியில் நடந்த முதல் கொலையில் மர்மம் ஏதும் இல்லை. கொன்றவன் யார் என்பது அன்று இரகசியமன்று. ஆனால் தன் சகோதரனின் உடலை என்ன செய்வது என்பது காபீலுக்குத் தெரியவில்லை. மண்ணைக் கிளறும் ஒரு காகத்தை அனுப்பி அல்லாஹ் அதனைக் கற்பித்தான் என்பதை சூரத்துல் மாயிதாவில் ஓதுகிறோம். ஒரு காகத்துக்கு இருந்த அந்த அறிவு தனக்கு இல்லாமற் போயிற்றே என்று அவன் வருந்தினான். பக்தாதின் தெருவிலும், இஸ்தான்புல்லின் கிணற்றடியிலும், கொழும்பின் ஏரியிலும் கிடந்த உடல்களுக்காக இம்மூன்று எழுத்தாளர்களும் தங்கள் பேனாவால் மண்ணைக் கிளறியிருக்கிறார்கள். அந்த அன்பரின் மகள் படிக்கட்டும். அவரும் உடன் அமர்ந்து படிக்கட்டும்.